பால்மரத்திலிருந்து பனித்தளத்துக்கு: ஹாக்கிப் பயிற்சியின் அறிவியல்

பனி ஹாக்கி ஆட்டத்தில் கோலால் தள்ளப்படும் 'பக்' என்னும் வட்டு, 7.62 செ.மீ. குறுக்களவும் 2.54 செ.மீ. கனமும் 156 முதல் 170 கிராம் வரை எடையும் கொண்ட ரப்பர்த் துண்டு ஆகும். ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அந்த முறையே இவ்வட்டின் அடிப்படை; ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைவதே அவ்வுறுதிக்குக் காரணம். உலக வரைபடத்தில் இந்த ஆட்டத்திற்கும் மலாக்கா மாநிலத்திற்கும் தொடர்பே இல்லை என்று தோன்றலாம். ஆனால் மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்ட முதல் நிலம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்தான் என்பதும், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் எச். என். ரிட்லி தந்த விதைகளைக் கொண்டு டான் சே யான் 1896-இல் அங்கே சுமார் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார் என்பதும், அதன்பின் புக்கிட் அசஹான் முதலிய பெருந்தோட்டங்கள் எழுந்தபோது அவற்றில் பால் வெட்டியவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர் என்பதும் வரலாறு. உலகெங்கும் உருளும் சக்கரங்களுக்கும் பனியில் வழுக்கும் வட்டுகளுக்கும் மூலப்பொருளான ரப்பரை உலகிற்கு அள்ளித் தந்த மண் அது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள விக்டோரியா சறுக்குத் தளத்தில் 1875 மார்ச் 3-ஆம் நாள் நடந்த ஆட்டமே உள்ளரங்கில் முறைப்படி நடத்தப்பட்ட முதல் பனி ஹாக்கி ஆட்டமாகக் கருதப்படுகிறது. பந்து துள்ளிப் பார்வையாளர்கள்மேல் பட்டுவிடக்கூடாது என்பதற்காக அன்று தட்டையான மரவட்டு பயன்படுத்தப்பட்டது. ரப்பர் வட்டு பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1975 மார்ச் மாதத்தில், கோலாலம்பூரில் திடல் ஹாக்கியின் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் போன்ற தமிழர்கள் இடம்பெற்றிருந்த மலேசிய அணி அதில் நான்காம் இடத்தைப் பெற்றது. ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொள்ளும் இவ்விரு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது பயன்மிக்க ஓர் அறிவியல் வினா எழுகிறது. பனி ஹாக்கிப் பயிற்சியில் எந்தப் பகுதி பனிக்கே உரியது, எந்தப் பகுதி எந்தத் தரைக்கும் பொதுவானது என்பதே அவ்வினா. சறுக்கல், வட்டுப் பரிமாற்றம், நிலைமாற்றம் என்னும் மூன்று பயிற்சிப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து அதற்கு விடை காண்பது இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

பனி ஏன் வழுக்குகிறது

இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது நகர்வைத் தடுக்கும் விசை உராய்வு எனப்படுகிறது. அந்த விசைக்கும் ஒரு பரப்பு மற்றொன்றை அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம் உராய்வுக் கெழு ஆகும். விரைவுச் சறுக்கு வீரர்களின் காலணிகளில் கருவிகளைப் பொருத்தி டச்சு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, பனிக்கும் சறுக்குத் தகட்டுக்கும் இடையிலான உராய்வுக் கெழு நேர்ப்பாதையில் 0.0046, வளைவில் 0.0059. உலர்ந்த தரையில் ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியின் உராய்வு இதைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர் கால்களை அசைக்காமல் அப்படியே நின்றால், காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் கொள்ளாவிடில், பனி மட்டும் அவரைத் தடுத்து நிறுத்துவதற்கு 350 மீட்டருக்கும் கூடுதலான தொலைவு தேவைப்படும். அனைத்துலக விதிகளின்படி பனி ஹாக்கித் தளத்தின் நீளம் 60 மீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த ஆட்டத்தில் வேகமெடுப்பதைவிட வேகத்தை ஆள்வதே கடினமானது என்பது விளங்கும்.

இவ்வளவு குறைந்த உராய்வுக்குக் காரணம் என்ன என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. தகட்டின் அழுத்தத்தால் பனி உருகி நீராகிறது என்னும் விளக்கம் 19-ஆம் நூற்றாண்டில் முன்வைக்கப்பட்டுப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு வளிமண்டல அழுத்தம் பனியின் உருகுநிலையை 0.0074 டிகிரி செல்சியஸ் அளவுக்கே தாழ்த்துகிறது. மனித எடையால் ஒரு தகட்டின் அடியில் உண்டாகும் சில பத்து வளிமண்டல அழுத்தம் ஒரு டிகிரியின் சிறு பகுதியளவே உருகுநிலையைக் குறைக்கும். ஹாக்கித் தளத்தின் பனி பொதுவாகச் சுழியத்திற்குக் கீழே 5 டிகிரி அளவில் வைக்கப்படுவதால், இந்த விளக்கம் மட்டும் போதாது. பனியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைப்போல் இறுகப் பிணைக்கப்படாமல், உருகுநிலைக்குக் கீழேயும் நீரையொத்த மெல்லிய படலமாக நிலவுகின்றன என்னும் கருத்தை மைக்கேல் ஃபாரடே 1850-இல் முன்மொழிந்தார். நகரும் தகட்டின் உராய்வே வெப்பத்தை உண்டாக்கி அப்படலத்தைத் தடிக்கச் செய்கிறது என்பதைப் பௌடன், ஹியூஸ் ஆகியோர் 1939-இல் சோதனையால் காட்டினர். ஆக, சறுக்குபவர் தம் இயக்கத்தாலேயே தமக்கான மசகை உண்டாக்கிக்கொள்கிறார்.

விளிம்பு என்னும் அடித்தளம்

உராய்வு இத்தனை குறைவாக இருக்குமிடத்தில் எதை உதைத்து முன்னேறுவது? தரையில் ஓடுபவர் பாதத்தால் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறார். பனியில் அவ்வாறு தள்ளினால் தகடு பின்னோக்கி வழுக்கிவிடும். விடை தகட்டின் வடிவத்தில் இருக்கிறது. சுமார் 3 மி.மீ. கனமுள்ள அந்தத் தகட்டின் அடிப்பாகம் நடுவில் குழிவாகத் தீட்டப்படுவதால், உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு கூரிய விளிம்புகள் அமைகின்றன. தகடு தன் நீளவாக்கில் தடையின்றி வழுக்கும். பக்கவாட்டில் விளிம்பு பனியைக் கவ்விக்கொள்வதால் நகராது. எனவே, சறுக்குபவர் பாதத்தை வெளிப்புறம் திருப்பித் தகட்டுக்குச் செங்குத்தான திசையில் பக்கவாட்டாக உதைக்கிறார். அவ்வுதையின் எதிர்விசை அவரை முன்னோக்கி நகர்த்துகிறது.

விளிம்பைப் பனியில் பதிப்பதற்கு அழுத்தமும் கோணமும் ஒருசேர அமைய வேண்டும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கப் பால் வெட்டும் கத்தியே போதுமானது. தேர்ந்த வெட்டாளர், மரப்பட்டையின்மேல் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய சீவலை ஒரே சீராக எடுக்கிறார். கோணம் சற்றுக் கூடினால் கத்தி ஆழ இறங்கி உள்மரத்தைக் காயப்படுத்திவிடும். சற்றுக் குறைந்தால் மேலோடு வழுக்கிப்போகும், பால் வடியாது. அந்தக் கை பெற்றிருக்கும் நுண்ணுணர்வைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஊட்டுவதே சறுக்கல் பயிற்சியின் முதற்கட்டம்.

அதற்கான பயிற்சிகள் எளிமையானவை, ஆனால் ஓயாமல் திரும்பச் செய்யப்பட வேண்டியவை. ஒற்றைக் காலில் உள்விளிம்பின்மேல் மட்டும் வழுக்கி ஓர் அரைவட்டம் வரைவது, பிறகு அதே காலின் வெளிவிளிம்பால் எதிர்த்திசையில் அரைவட்டம் வரைவது என்பது முதல் பயிற்சி. இரு கால்களையும் பனியிலிருந்து எடுக்காமல், ஒரு காலால் பிறைவடிவில் பனியை வெளிப்புறமாகத் தள்ளி மீண்டும் உட்புறம் கொணர்வது இரண்டாவது பயிற்சி. பின்னோக்கிச் சறுக்குவதற்கும் இதுவே அடிப்படை. மூன்றாவது, தளத்தில் வரையப்பட்டிருக்கும் 4.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைச் சுற்றி, வெளிக்காலை உட்காலின்மேல் தாண்டி வைத்துக்கொண்டே சறுக்கும் குறுக்குநடைப் பயிற்சி.

இந்த மூன்றாவது பயிற்சியில் இயற்பியல் கண்ணெதிரே நிகழ்கிறது. வட்டப் பாதையில் செல்லும் எந்தப் பொருளையும் மையத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று தேவை. அது மையநோக்கு விசை. பனியில் அவ்விசையை விளிம்பு மட்டுமே தர முடியும், அதற்கு உடல் உட்புறமாகச் சாய வேண்டும். சாய்வின் அளவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அந்த வட்டத்தில் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் செல்பவர் செங்குத்து நிலையிலிருந்து சுமார் 12 பாகை சாய்ந்தால் போதும். வேகம் 6 மீட்டராக இரட்டித்தால் சாய்வு ஏறத்தாழ 39 பாகை ஆகிவிடுகிறது. புதிதாகக் கற்பவரின் மனம் அவ்வளவு சாய்வை வீழ்ச்சியாகவே உணர்ந்து உடலை நிமிர்த்துகிறது. நிமிர்ந்தவுடன் விளிம்பின் பிடி தளர்ந்து அவர் வட்டத்திற்கு வெளியே வழுக்கிப்போகிறார். ஆதலால், பயிற்றுநர் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, சாய்வே பாதுகாப்பு என்னும் உணர்வை உடலுக்குக் கற்பிக்கிறார்.

நிறுத்தமும் இவ்வாறே. 60 கிலோ எடையுள்ளவர் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அவரிடம் 1,080 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. அதை 2 மீட்டருக்குள் தீர்க்க வேண்டுமானால், தகடுகளைப் பாதைக்குக் குறுக்காகத் திருப்பிச் சராசரியாக 540 நியூட்டன் விசையுடன் பனியைச் சுரண்ட வேண்டும். அது அவருடைய உடல் எடைக்குக் கிட்டத்தட்ட நிகர். நிறுத்தத்தின்போது தெறிக்கும் பனித்தூள், அந்த ஆற்றல் பனியை உடைப்பதில் செலவாகிறது என்பதற்கான சான்று.

கொடுத்தலும் வாங்கலும்

வட்டை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு அனுப்புவது கோலின் திறமையாக மட்டும் கருதப்படுவதுண்டு. உண்மையில் அது காலத்தையும் தொலைவையும் இணைக்கும் கணக்கு. நின்றுகொண்டிருக்கும் ஒருவர், தமக்கு நேரெதிரே 12 மீட்டர் தொலைவில் குறுக்காக விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் செல்லும் தோழருக்கு, விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வட்டை அனுப்புவதாகக் கொள்ளலாம். தோழர் இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்தால், வட்டு அவருக்குப் பின்னால் பல மீட்டர் தள்ளிப் போய்விடும். அவர் செல்லும் திசையில் சுமார் 24 பாகை முன்னதாகக் குறிவைத்தால், 0.87 விநாடியில், அவர் 5.2 மீட்டர் முன்னேறியிருக்கும் இடத்தில் வட்டு அவருடைய கோலைச் சந்திக்கும்.

இருவரும் ஒரே வேகத்தில் இணையாகச் சறுக்கும்போது கணக்கு மாறுகிறது. அனுப்புபவரின் கோலிலிருக்கும் வட்டு அவருடைய முன்னோக்கிய வேகத்தையும் ஏற்கெனவே தன்னிடம் கொண்டிருப்பதால், அதை நேராகப் பக்கவாட்டில் தள்ளினாலே போதும். முன்னோக்கிய வேகம் இருவருக்கும் பொதுவாக இருப்பதால் வட்டு தோழரை நேராகச் சென்றடைகிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் எதிர் இருக்கைக்காரரிடம் ஒரு பழத்தை வீசுபவர் ரயிலின் வேகத்தைக் கணக்கிடுவதில்லை. அதற்குக் காரணமான சார்பியக்க விதியே இங்கும் செயற்படுகிறது. பயிற்சியில் முதலில் இருவர் நின்ற இடத்தில் நின்று பரிமாறுவதும், அடுத்து ஒருவர் மட்டும் நகர்வதும், பிறகு இருவரும் இணையாகச் சறுக்கியபடி தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பரிமாறிச் செல்வதும் என்று படிகள் அமைக்கப்படுவதன் பொருள் இதுதான். ஒவ்வொரு படியிலும் குறிவைக்கும் விதி வேறுபடுகிறது. கற்பவர் அவற்றை வாய்பாடாக மனப்பாடம் செய்வதில்லை, கண்ணும் கையும் சேர்ந்து உணர்ந்துகொள்கின்றன.

வாங்குவது கொடுப்பதைவிடக் கடினம். 170 கிராம் எடையுள்ள வட்டு விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும்போது, நிறையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் அதன் உந்தம் 2.55 அலகு. விறைப்பாகப் பிடித்த கோலில் அது மோதி நூற்றில் ஒரு விநாடியில் நிற்குமானால், சராசரியாக 255 நியூட்டன் விசை எழும். வட்டு எகிறிப் போய்விடும். வட்டு தொடும் கணத்தில் மணிக்கட்டுகளைத் தளர்த்தி, கோலை அது வரும் திசையிலேயே பின்னிழுத்து, நிறுத்தும் நேரத்தை ஐந்து மடங்கு நீட்டினால் விசை 51 நியூட்டனாகக் குறைகிறது. அதற்குக் கோல் சுமார் 37 செ.மீ. பின்வாங்க வேண்டும். மேலிருந்து எறியப்படும் முட்டையை உடையாமல் பிடிக்கும் கை எப்படி அதனுடன் சேர்ந்தே தாழ்கிறதோ, அப்படியே இந்தக் கோலும் பின்வாங்குகிறது.

வட்டின் ரப்பரும் இதில் பங்கு வகிக்கிறது. ரப்பர் மூலக்கூறுகள் சுருண்ட நூல்களைப் போன்றவை. அழுத்தும்போது நீண்டும் ஒதுங்கியும், விடும்போது பழைய சுருளுக்கு மீண்டும் வருகின்றன. வெப்பநிலை குறையும்போது அச்சங்கிலிகளின் அசைவு மந்தமாகி, அழுத்தத்தில் வாங்கிய ஆற்றலில் கூடுதலான பங்கை வெப்பமாக இழந்துவிடுவதால் வட்டு குறைவாகவே துள்ளுகிறது. வட அமெரிக்கத் தேசிய ஹாக்கிக் கூட்டிணைவின் ஆட்டங்களில் வட்டுகளை முன்கூட்டியே உறையவைத்துக் களத்திற்குக் கொண்டுவருவதன் காரணம் இதுவே. வெப்ப மண்டலத்தின் அறை வெப்பத்திலேயே கிடந்த வட்டு பனியில் துள்ளித் துள்ளி ஓடும். அதை வைத்துப் பரிமாற்றம் பழகுபவர் தம் கைத்திறனைக் குறை சொல்லிக்கொள்ளக்கூடும், குறை உண்மையில் ரப்பரின் வெப்பநிலையில் இருக்கும்.

நிலைமாற்றம்: ஆட்டத்தின் கீல்

ஓர் அணி வட்டை இழந்து மற்றோர் அணி அதைப் பெறும் கணத்தில் தாக்குபவர் தடுப்பவராகவும் தடுப்பவர் தாக்குபவராகவும் மாறுகின்றனர், அதுவே நிலைமாற்றம். கதவு கீலின்மேல் திரும்புவதைப்போல் ஆட்டம் அந்தக் கணத்தில்தான் திரும்புகிறது. பனி ஹாக்கியில் அது மிக அடிக்கடி நிகழ்வதற்குத் தளத்தின் அளவே முதற்காரணம். திடல் ஹாக்கியின் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் 22 பேர் ஆடும்போது ஒருவருக்குச் சுமார் 228 சதுர மீட்டர் இடம் கிடைக்கிறது. 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளத்தில் இரு கோல் காவலர்கள் உட்பட 12 பேர் ஆடும்போது ஒருவருக்குக் கிடைப்பது 150 சதுர மீட்டர். இடம் சுருங்கியிருக்கும் அங்கே வேகம் மட்டும் கூடியிருக்கிறது. தவிர, தளத்தைச் சுற்றிலும் பலகைச் சுவர் இருப்பதால் வட்டு வெளியே போய் ஆட்டம் நிற்பதும் அரிது.

இரண்டாவது காரணம் விதி. தளத்தின் குறுக்கே வரையப்பட்ட இரண்டு நீலக் கோடுகள் அதைத் தற்காப்புப் பகுதி, நடுப்பகுதி, தாக்குதல் பகுதி என மூன்றாகப் பிரிக்கின்றன. எதிரணியின் நீலக் கோட்டை வட்டு கடப்பதற்கு முன் எந்தத் தாக்குநரும் கடக்கக்கூடாது. எனவே, வட்டைக் கைப்பற்றியவுடன் முன்னோக்கி ஓடிவிட்டால் மட்டும் போதாது. ஐவரும் ஒருவரையொருவர் பார்த்து, வட்டுடன் ஒரே நேரத்தில் அக்கோட்டைச் சேர வேண்டும். அது இயலாதபோது, வட்டைப் பின்னால் இருக்கும் தற்காப்பாளரிடம் திருப்பி அனுப்பி, அவர் தம் இணைத் தற்காப்பாளருக்குக் குறுக்காகத் தந்து, எதிரணியை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, மறுபக்கத்தில் திறந்த வழியாக மீண்டும் முன்னேறுவது மறுஒழுங்கு எனப்படும் உத்தி.

இதற்கான அடிப்படைப் பயிற்சி, இருவர் தாக்க ஒருவர் தடுக்கும் ஆட்டத்தில் தொடங்குகிறது. தடுப்பவர் பின்னோக்கிச் சறுக்கியபடி இரு தாக்குநருக்கும் நடுவிலுள்ள பரிமாற்றப் பாதையை மறைக்கிறார். அவர் வட்டைக் கைப்பற்றினாலோ, காவலர் அதைத் தடுத்துவிட்டாலோ, பயிற்சி நிற்பதில்லை. அந்தக் கணமே அவர் தாக்குநராகி, பக்கத்தில் காத்திருந்த புதிய தோழருடன் எதிர்முனைக்குப் புறப்படுகிறார், சற்றுமுன் தாக்கியவர்களுள் ஒருவர் திரும்பித் தடுப்பவராகிறார். பயிற்றுநர் ஊதல் ஊதிச் 'சரி, அடுத்த குழு' என்று அழைக்கும் இடைவெளியே இல்லாமல் ஆட்டம் தானே தன்னைத் தொடர்கிறது. ஒரு குழு களத்தில் தொடர்ந்து ஆடும் நேரம் உண்மையான போட்டிகளில் பொதுவாக 45 விநாடி அளவே. உச்ச வேகத்தில் தசைகள் உடனடி ஆற்றல் சேமிப்பைச் சில விநாடிகளிலேயே தீர்த்துவிட்டு, பிராணவாயுவின்றிச் சர்க்கரையைச் சிதைக்கும் வழிக்கு மாறிவிடுவதால், அதற்கு மேல் வேகம் சரிகிறது. பயிற்சியையும் அதே அளவில் வகுத்து, அதைப்போல் மூன்று மடங்கு நேரம் ஓய்வளிப்பது வழக்கம்.

மூளை எவ்வாறு பழகுகிறது

ஒரே பயிற்சியை நூறு முறை தொடர்ந்து செய்வது நல்லதா, பல பயிற்சிகளைக் கலந்து செய்வது நல்லதா என்னும் வினாவுக்கு ஜான் ஷே, ராபின் மார்கன் ஆகிய இருவரும் 1979-இல் வெளியிட்ட சோதனை தெளிவான விடை தந்தது. கையால் குறிப்பிட்ட வரிசையில் சிறு தடைகளைத் தட்டி வீழ்த்தும் பணியை ஒரு குழு ஒவ்வொரு வகையாக முடித்துக்கொண்டு கற்றது. மற்றொரு குழு எல்லா வகைகளையும் கலந்து, அடுத்து வருவது எது என அறியாமல் கற்றது. பயிற்சி நேரத்தில் முதற்குழுவே முன்னணியில் இருந்தது. ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தபோதும், புதிய பணியைத் தந்தபோதும் இரண்டாம் குழுவே மேம்பட்டு விளங்கியது. ஒவ்வொரு முறையும் மூளை செயல்திட்டத்தைப் புதிதாக மீட்டெடுக்க வேண்டியிருப்பதே அந்த நினைவை உறுதியாக்குகிறது என்பது அறிவியலாளர் தரும் விளக்கங்களுள் ஒன்று. பயிற்சியில் பிழையின்றித் தோன்றுவது கற்றலுக்குச் சான்றாகாது என்பதே இதன் பாடம். கூம்புகளைச் சுற்றி அழகாகச் சறுக்கும் பிள்ளை, எதிரே ஒருவர் வந்தவுடன் தடுமாறுவதற்குக் காரணம், அவர் கூம்புக்கு மட்டுமே பழகியிருப்பதுதான். கூம்பு முடிவெடுப்பதில்லை, எதிராளி முடிவெடுக்கிறார்.

பனியில்லாத ஊரில்

இக்கருத்துகள் பனியில்லாத நாட்டிற்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு வரலாற்றில் வலுவான முன்மாதிரி உண்டு. பந்தை வைத்துப் பரந்த பனிவெளியில் 11 பேர் ஆடும் 'பேண்டி' ஆட்டத்தில் பழகியிருந்த சோவியத் ஒன்றியம், வட்டைக் கொண்டு ஆடும் ஹாக்கியின் கூட்டிணைவுப் போட்டியை 1946-இல்தான் தொடங்கியது. எட்டே ஆண்டுகளில், 1954-இல் ஸ்டாக்ஹோமில் தான் முதன்முறை பங்கேற்ற உலகப் போட்டியிலேயே, அர்க்காடி செர்னிஷேவ் பயிற்றுவித்த அந்த அணி கனடாவை 7–2 என வென்று பட்டம் பெற்றது. ஆண்டு முழுதும் பயன்படும் செயற்கைப் பனித்தளங்கள் அருகியிருந்த அக்காலத்தில், அந்நாட்டு ஆட்டக்காரர்கள் காற்பந்து, ஓட்டம், எடைத்தூக்கல் என வெறுந்தரையிலேயே உடலையும் கூட்டாட்டத்தையும் வளர்த்துக்கொண்டனர். பயிற்றுநர் அனத்தோலி தாராசோவ் அதையே ஒரு முறைமையாக வகுத்தார்; வட்டைச் சுமந்து செல்பவரைவிட வட்டில்லாமல் சரியான இடத்திற்குச் செல்பவரே ஆட்டத்தை உருவாக்குகிறார் என்பது அவர் முறையின் சாரம். செர்னிஷேவும் தாராசோவும் இணைந்து வழிநடத்திய அணி 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டங்களை வென்றது.

மலேசியாவிலும் பனிக்கு இடமுண்டு. சன்வே பிரமிட் பேரங்காடியின் சறுக்குத் தளம் 1990-களின் இறுதியிலிருந்து இயங்கிவருகிறது. மலேசியா 2006-இல் அனைத்துலகப் பனி ஹாக்கிக் கூட்டமைப்பில் இணைந்தது. 2017-இல் கோலாலம்பூர் ஏற்று நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பனி ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டு, பிலிப்பைன்ஸ் தங்கம் வென்றது. பேரங்காடித் தளங்களில் சறுக்கப் பழகிய கலைச்சறுக்கு வீரர் ஜூலியன் யீ 2018-இல் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றார். எனினும் நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகை வடக்கே அமைந்த மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் தளங்கள் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணத் தொலைவில் உள்ளன. பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு வழிவிட்டுத் தோட்டக் குடும்பங்கள் பட்டணங்களை நாடிய இக்காலத்திலும், தமிழ்ப்பள்ளித் திடல் அவர்களுக்கு அருகிலேயே இருக்கிறது.

எனவே எது திடலில் கற்கக்கூடியது, எது கூடாதது என்பதைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். விளிம்பின் பிடியும் பக்கவாட்டு உதையும் தரையில் கைகூடா. அவற்றைப் பனியிலும், ஓரளவு சக்கரக் காலணியிலுமே பழக முடியும். திடல் ஹாக்கியில் கோலின் தட்டையான இடப்பக்கத்தை மட்டுமே பயன்படுத்தலாம், பனி ஹாக்கியில் இரு பக்கங்களையும் பயன்படுத்தலாம். உடலால் பந்தை மறைப்பது திடலில் குற்றம், பனியில் அது இன்றியமையாத திறன். ஆனால் திடல் ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். அது ரப்பர் வட்டின் எடைக்கு ஏறத்தாழ நிகர். ஆகவே குறிவைக்கும் கோணம், மணிக்கட்டைத் தளர்த்தி வாங்கும் நுணுக்கம், தலையை நிமிர்த்தி எதிரே பார்க்கும் பழக்கம், பந்தை இழந்த கணமே திரும்பும் மனநிலை ஆகியவை முழுமையாகத் திடலுக்கும் உரியவை. மாலை மழை திடலை நனைத்துவிட்ட நாள்களில் பள்ளி மண்டபத்தில் ஆடத்தக்க தரைப்பந்து ஆட்டம், 23 கிராம் எடையும் 26 துளைகளும் கொண்ட நெகிழிப் பந்தைக் கோலின் இரு பக்கங்களாலும் ஆள்வதால், இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக அமைகிறது.

இருபது மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கட்டத்தைத் திடலில் வரைந்து, மூவருக்கு எதிராக இருவரை நிறுத்தி, பந்து கைமாறும் ஒவ்வொரு முறையும் தாக்குதல் திசையும் மாற வேண்டும் என்னும் ஒரேயொரு விதியை வைத்தால் போதும். 45 விநாடி ஆட்டமும் அதைத் தொடரும் ஓய்வுமாக அரைமணி நேரத்தில், ஒவ்வொரு பிள்ளையும் பல பத்து முறை நிலைமாற்றத்தை எதிர்கொள்வார். வரிசையில் நின்று தம் முறைக்குக் காத்திருக்கும் பயிற்சியில் அத்தனை முடிவுகளை எடுக்க வாய்ப்பில்லை.

2010-இலும் 2018-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியத் திடல் ஹாக்கி அணி வெள்ளிப் பதக்கம் வென்றபோது அதன் கோல் காவலராக நின்றவர் எஸ். குமார் என்னும் தமிழர். அத்தகைய திறமை எந்தத் திடலிலிருந்தும் எழலாம். ஆனால் பிள்ளைகளின் கையில் கோலும், அவர்கள்முன் முடிவெடுக்கத் தூண்டும் பயிற்சியும் வைக்கப்பட வேண்டும். மலாக்காவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் வாரத்தில் இரு மாலைகளை இதற்கென ஒதுக்குவார்களானால், பனித்தளத்தில் என்றேனும் கால்வைக்கும் அப்பிள்ளைகளுக்குக் கற்க எஞ்சியிருப்பது விளிம்பு ஒன்றுதான்.